ஹவாய் விடுதிகளும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும்

ஹவாயின் ஓவாஹு தீவில், மேற்குக் கரையோரம் கோ ஒலினா என்ற இடத்தில் டிஸ்னி நிறுவனத்தின் அவுலானி விடுதி இருக்கிறது. 2011-ல் திறந்தது. 21 ஏக்கர் பரப்பு, 800-க்கும் மேற்பட்ட அறைகள். அதற்குள் ‘ஓலெலோ ரூம்’ என்றொரு மதுக்கூடம். அங்கே பரிமாறுகிறவர்கள் ஹவாய் மொழி பேசுகிறவர்கள். கண்ணில் படும் பொருள்களின் ஹவாய்ப் பெயர்களைச் சுவரிலும் மரத்திலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் பிள்ளைகளோடு நீச்சல் குளத்தில் கிடந்த பெற்றோர் சாயங்காலம் அங்கே வந்து உட்கார்ந்தால், பானத்தோடு நாலு ஹவாய்ச் சொல்லும் காதில் விழும். முகப்புக் கூடத்தைச் சுற்றிப் பெரிய சுவரோவியம். நடைவழிகளில் ஹவாய்க் கலைஞர்களிடம் கேட்டு வாங்கிய படைப்புகள். தோட்டத்து மூலை முடுக்குகளில் மெனெஹுனே என்னும் புராணக் குள்ளர்களின் உருவங்கள். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஜோ ரோடி சிறுவயதில் ஹவாயில் வளர்ந்தவர். மிக்கி மவுஸும் பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு உலவுகிறது. டிஸ்னி இடம் என்றால் அது இல்லாமல் முடியாதே.

இதையெல்லாம் வெறும் வேடம் என்று ஒதுக்குகிற விமர்சனம் எளிதானது, ஆனால் நியாயமானதல்ல. ஹவாய்ப் பண்பாட்டை மதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கடற்கரை விடுதிகளில் அவுலானி நன்றாகச் செய்திருக்கும் ஒன்று. அதனால்தான் அதை எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. அரைகுறையாகச் செய்தவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நன்றாகச் செய்தவன் எந்த இடத்தில் நின்றுவிட்டான் என்று பார்த்தால்தான் அந்த வேலையின் எல்லை தெரியும். என் வாதம் இதுதான்: ஒரு விடுதி ஒரு மண்ணின் மக்களை மதிக்கிறதா என்பதை ஓவியத்தையும் மொழியையும் ஆட்டத்தையும் வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த மக்கள் ‘இங்கே வேண்டாம்’, ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொன்னால் அந்தச் சொல் செல்லுமா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹவாயில் அந்தச் சொல் செல்லுபடியான இடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் விடுதிக்காரர்களின் நல்லெண்ணத்தால் வந்தவை அல்ல.

முதலில் மொழி. ஒரு மதுக்கூடத்தில் ஹவாய் மொழி கேட்பது ஏன் இவ்வளவு பெரிய செய்தி? 1893 ஜனவரி 17-ல், அமெரிக்கக் கப்பல்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, சர்க்கரை முதலாளிகளும் வணிகர்களும் அடங்கிய ஒரு கூட்டம் அரசி லிலியுவோகலானியை ஆட்சியிலிருந்து இறக்கியது. மூன்றாண்டு கழித்து, 1896-ல், அவர்கள் அமைத்த குடியரசு பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் போட்டது. அதற்கு முன் அது எழுத்தறிவு நிரம்பிய நாடு. 1834-லேயே ஹவாய் மொழியில் செய்தித்தாள் வந்துவிட்டது. அடுத்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அம்மொழி இதழ்கள் அச்சிட்ட பக்கங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட மொழி மூன்று தலைமுறையில் கிழவர்களின் வாயோடு நின்றுபோனது. 1970-களில் விழிப்பு வந்தது. 1978-ல் மாநில அரசியல் சட்டம் ஹவாய் மொழியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியது. ஆனாலும் 1984-ல் கவாய் தீவில் ‘பூனானா லியோ’ என்ற முதல் மழலைப் பள்ளியைப் பெற்றோரும் ஆசிரியர்களும் தொடங்கியபோது, ஹவாய் மொழியில் பாடம் நடத்தச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1986-ல்தான் சட்டமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பள்ளி சட்டத்தை மீறித்தான் நடந்தது.

அவுலானி வந்தது அதற்கெல்லாம் கால் நூற்றாண்டு கழித்து. மதுக்கூடத்தில் ஹவாய் மொழி பேச இளைஞர்கள் கிடைத்தார்கள் என்றால், காசில்லாத காலத்தில் தேவாலயக் கூடங்களிலும் வாடகை அறைகளிலும் குழந்தைகளை உட்காரவைத்துப் பேசப் பழக்கியவர்கள் இருந்ததால்தான். 2016-ல் வந்த ‘மோவானா’ படத்தை டிஸ்னியும் ஹவாய்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018-ல் ஹவாய் மொழியில் வெளியிட்டார்கள், நல்ல காரியம். அதற்குக் குரல் கொடுக்கவும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் ஒரு தலைமுறை தயாராக இருந்தது. நிறுவனம் அந்த விளைச்சலை மரியாதையோடு வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். விதைத்தது அது அல்ல.

பழைய காலத்தோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் பெரிதுதான். 1937-ல் கோடக் நிறுவனத்தார் வைகீகி கடற்கரைப் பக்கம் ஒரு இலவச ஹூலா நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். இராத்திரி விருந்துகளில் நடக்கும் ஆட்டத்தை அந்நாளைய ஃபிலிமில் படம் பிடிக்க முடியவில்லை. ஆட்டத்தையே பகல் வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெயில் பார்த்துப் படிக்கட்டு இருக்கைகள் போட்டு, புல் பாவாடை கட்டிய பெண்கள் கையில் ஆளுக்கோர் எழுத்தட்டை பிடித்து ‘ஹவாய்’ என்று ஆங்கிலத்தில் காட்ட, கேமராக்கள் சொடுக்கிக்கொண்டே இருந்தன. ஃபிலிம் சுருள் விற்றது. 2002 வரை இது ஓடியது. ஹூலாவோ வம்சாவளியையும் தெய்வங்களையும் நிலத்தையும் பாடும் மந்திரங்களோடு ஆடுவது. மிஷனரிகள் வந்த பிறகு 1830-ல் பொதுவெளியில் ஆடத் தடை வாங்கியது. கலாகாவா மன்னர் 1880-களில் அரண்மனைக்கே கொண்டுவந்து மீட்டது. அதைப் படம் எடுக்கத் தோதாக நறுக்கிய காலத்தோடு, கலைஞரைக் கேட்டு, பெயரைச் சொல்லி, பொருளை விளக்கி வைக்கும் காலத்தை ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எது எங்கே எப்போது நடக்க வேண்டும் என்ற கடைசி முடிவு இரண்டிலும் நிறுவனத்தின் கையில்.

விடுதிக்கு வெளியே வந்து பார்த்தால் இந்தப் பொதுத்தன்மை புலப்படும். கோ ஒலினாவின் நான்கு அரைவட்டக் காயல்களும் இயற்கையில் இருந்தவை அல்ல. கரையைக் குடைந்து மணல் கொட்டி உண்டாக்கியவை. நிலம் ஒரு காலத்தில் ஹோனோஉலியுலி என்னும் பெரும்பகுதியைச் சேர்ந்தது. 1877-ல் ஜேம்ஸ் கேம்பெல் என்ற அயர்லாந்துக்காரர் அதை வாங்க, ஆழ்கிணறு தோண்டி, கரும்பு வந்தது. கரும்பு போய் விடுதிகள் வந்தன. இங்கிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் வையனாய்க் கரை. பூர்வ ஹவாயர்கள் அடர்த்தியாக வாழும் பகுதிகளில் ஒன்று அது. அங்கே படகுத் துறைக்குப் பக்கத்துப் புதர்க்காட்டில் பல ஆண்டுகளாக வீடில்லாத குடும்பங்கள் கூடாரம் போட்டு, தங்களுக்குள் விதிகள் வகுத்துக்கொண்டு ஒரு ஊராகவே இருந்தார்கள். பெரும்பாலோர் பூர்வ ஹவாயர்கள். அரசு காலி செய்யச் சொல்லிக்கொண்டே இருந்ததால், நன்கொடை திரட்டி 2020-ல் வையனாய்ப் பள்ளத்தாக்கில் 20 ஏக்கர் வாங்கினார்கள். அவுலானியின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஓவாஹுவில் ஒரு தனி வீட்டின் நடுநிலை விலை 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பூர்வ ஹவாயர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். பாலைவனத்து லாஸ் வேகஸை ஹவாய்க்காரர்கள் ‘ஒன்பதாம் தீவு’ என்று கேலியாகச் சொல்லுவதற்குக் காரணம், வாடகை கட்ட முடியாமல் அங்கே குடியேறியவர்கள் அத்தனை பேர். விடுதித் துறையில் வேலை இருக்கிறது. ஆனால் 2018-ல் வைகீகியிலும் மௌயியிலும் ஐந்து விடுதிகளின் 2,700 ஊழியர்கள் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பிடித்திருந்த அட்டையில் இருந்த கோரிக்கை, பிழைக்க ஒரு வேலை போதுமானதாக இருக்க வேண்டும் என்பது. அறையைத் துடைத்துவிட்டு இராத்திரி இன்னொரு வேலைக்கு ஓடுகிறவரிடம், நடைவழியில் தன் முன்னோரின் கலை மாட்டியிருப்பது பெருமையாக இல்லையா என்று கேட்டால், பெருமைதான் என்பார். வாடகை அப்படியே நிற்கும்.

இதற்கெல்லாம் ஒரு விடுதியைப் பொறுப்பாக்க முடியுமா என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன், ‘வேண்டாம்’ என்ற சொல் செல்லுபடியான மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது மௌயி தீவின் வடமேற்கில் கப்பலுவா. 1980-களின் கடைசியில் அங்கே ஹோனோகஹுவா என்ற இடத்தில், கடலை ஒட்டிய மணல்மேட்டில் ரிட்ஸ் கார்ல்டன் விடுதி கட்ட அடித்தளம் தோண்டினார்கள். மணலுக்கடியில் மனித எலும்புகள். ஒன்று இரண்டல்ல, 900-க்கும் மேற்பட்டோரைப் புதைத்த இடம் அது. பல நூற்றாண்டுகளாக ஹவாயர்கள் தங்கள் இறந்தோரை அந்த மணலில் கிடத்தியிருக்கிறார்கள். சட்டப்படி அகழ்ந்தெடுத்து அப்புறப்படுத்தலாம் என்றிருந்ததால் அகழ்வு நடந்துகொண்டே இருந்தது. எலும்பில் மூதாதையரின் உயிர்ச்சக்தி தங்கியிருக்கிறது என்பது ஹவாயர்களின் நம்பிக்கை; அதைத் தோண்டுவது செத்தவர்களை மறுபடி அவமதிப்பது. 1988 டிசம்பரில் ஹொனலூலுவில் தலைமைச் செயலக வளாகத்தில் இராப்பகலாக உட்கார்ந்து போராடினார்கள். தோண்டுதல் நின்றது. விடுதி கடற்கரையிலிருந்து தள்ளி, மேட்டுப்பக்கம் நகர்ந்தது. எடுத்த எலும்புகளை அதே மணலில் மறுபடி அடக்கம் செய்து, அந்த இடத்தைக் காப்பு நிலமாக்கினார்கள். 1990-ல் மாநிலச் சட்டம் மாறி, தீவுகளுக்கென இடுகாட்டுக் கவுன்சில்கள் வந்தன. பழைய புதைகுழி தென்பட்டால் அதை அங்கேயே விடுவதா, இடம் மாற்றுவதா என்பதில் இன்று பூர்வ ஹவாயர்களுக்குச் சட்டப்படி இடம் உண்டு.

1992-ல் திறந்த அந்தக் கப்பலுவா விடுதி பிற்காலத்தில் ஹவாய்ப் பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பேர் வாங்கியது; பண்பாட்டு ஆலோசகர், ஆண்டுதோறும் கலைவிழா என்று எல்லாம் வந்தன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. முதலில் வந்தது தடுத்து நிறுத்தும் சக்தி. கலைவிழா அதற்குப் பின்னால் வந்தது. வரிசை தலைகீழாக இருந்திருந்தால், அதாவது எலும்புகளை அள்ளிக் கொட்டிவிட்டு அதன் மேல் கட்டிய கூடத்தில் ஹூலா விழா நடந்திருந்தால், அந்த விழாவுக்கு யார் போவார்கள்? போயிருப்பார்கள் என்பதுதான் பயம். நல்ல அலங்காரம் இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று விருந்தாளி கேட்பதில்லை.

இரண்டாவது, ஹவாய் என்றே பெயர் கொண்ட பெரிய தீவின் மேற்கே கோஹனாயிக்கி. அங்கே கடலோரப் பாறைக்குழிகளில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து தேங்கும். அதில் வளரும் பொடிச் சிவப்பு இறாலை மீன்பிடிப்புக்கு இரையாகச் சேகரிப்பது உள்ளூர் வழக்கம். ஜப்பானிய முதலீட்டில் பெரிய விடுதி வளாகம் வர இருந்தது. கரைக்குப் போகும் உரிமைக்காக நின்ற ஓர் உள்ளூர் அமைப்பு, அனுமதி தரும் முன் தங்களை விசாரிக்க வேண்டும் என்று கேட்டு வழக்காடியது. 1995-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: பட்டா யார் பேரில் இருந்தாலும், மரபுவழிச் சேகரிப்பு உரிமை அதோடு அற்றுப்போகாது, திட்டத்துக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு அந்த உரிமையைக் காக்கும் கடமையுள்ளது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த நிலத்தில் பின்னால் பணக்காரர்களுக்கான தனியார் கிளப்தான் வந்தது. கரையோரம் மட்டும் பொதுமக்களுக்குப் பூங்காவாக நின்றது. ஆனால் அந்தக் கரையில் நிற்கிறவர் யாருடைய தயவிலும் நிற்கவில்லை.

மூன்றாவது, கவாய் தீவின் வடகோடியில் ஹாயெனா. (தமிழ் வாசகர்களில் சிலருக்கு இந்தத் தீவு, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய ஆதீனத்தாலும், 2023-ல் குடமுழுக்குக் கண்ட இறைவன் கோயிலாலும் தெரிந்திருக்கும்.) ஹாயெனா சாலை முடியும் இடத்தில் ஒரு கடற்கரை, அங்கிருந்து நாப்பாலி மலைப்பாதை. ஒரு நாளைக்கு 3,000 பேர் வரை வந்து குவிந்து, சாலையோரமெல்லாம் வண்டி நிறுத்தியதால், ஊர்க்காரர்கள் வெளியே போக முடியாமல் கிடந்தார்கள். 2018 ஏப்ரலில் கொட்டிய பெருமழையில் சாலை துண்டானது. ஓராண்டுக்கு மேல் பூங்கா மூடிக் கிடந்தது. 2019-ல் திறந்தபோது வெளியூர்ப் பார்வையாளர் நாளொன்றுக்கு 900 பேர் என்று வரம்பு. முன்பதிவு கட்டாயம். வண்டி நிறுத்தத்தையும் பேருந்தையும் நடத்தும் பொறுப்பு உள்ளூர் அமைப்புகளிடம். பழைய சேப்பங்கிழங்கு வயல்களை அந்த ஊர்க் குடும்பங்கள் மறுபடி உழுது பராமரிக்கின்றன. ஹவாய்வாசிகள் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், முன்பதிவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

இதைக் கோ ஒலினாவோடு வைத்துப் பாருங்கள். ஹவாய்ச் சட்டப்படி அலை வந்து தொடும் கரை எல்லாருக்கும் பொது. அவுலானி முன்னாலிருக்கும் காயலுக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஒவ்வொரு காயலுக்கும் பொதுமக்கள் வண்டி நிறுத்தும் இடம் மிகக் குறைவு. விடிந்து கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும். வையனாயிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரும் குடும்பம் வாயிலோடு திரும்ப வேண்டியதுதான். அறை எடுத்தவருக்கு அந்தக் கவலை இல்லை. ஹாயெனாவில் வரம்பு வந்தவருக்கு. கோ ஒலினாவில் வரம்பு இருந்தவருக்கு. எந்த இடம் ஹவாய்ப் பண்பாட்டை மதிக்கிறது என்று கேட்டால், சுவரோவியம் ஒன்றுகூட இல்லாத ஹாயெனாவைத்தான் சொல்வேன்.

இனி எதிர்வாதங்கள். 1893-ல் நடந்ததற்கு டிஸ்னி என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒன்றும் செய்ய முடியாதுதான். அந்த நிறுவனம் பிறந்ததே 1923-ல். அமெரிக்க நாடாளுமன்றமே 1993-ல் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். ஒரு அடி நிலமும் அதனால் திரும்பவில்லை. ஆனால் யார் செய்த தவறு என்று நான் கேட்கவில்லை. ஒரு மக்களின் வரலாற்றைச் சொல்லித்தான் ஒரு இரவுக்கு பல நேரம் 500 டாலருக்கு மேல் வாங்கும் அறையை விற்கிறீர்கள் என்றால், அந்த வரலாற்றில் வருமானம் தரும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாரம் தரும் பக்கத்தை விட்டுவிட முடியாது. சாதாரண விடுதியிடம் இதை நான் கேட்க மாட்டேன். பண்பாட்டின் பெயரைப் பலகையில் எழுதியவரிடம்தான் கேட்கிறேன்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. கலைஞர்கள் ஹவாயர்கள், ஆலோசகர்கள் ஹவாயர்கள், மதுக்கூடத்தில் பேசுகிறவர் ஹவாயர். அவர்களே சம்மதித்துச் செய்திருக்கும்போது வெளியாருக்கு என்ன வலி? இதில் உண்மை உண்டு. ஹவாயர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறவர்கள் அல்ல. பூர்வ ஹவாய் எழுத்தாளர் ஹவுனானி-கே டிராஸ்க் 1990-களில் எழுதிய கட்டுரையில் சுற்றுலாவைப் பண்பாட்டு விபசாரம் என்றே சாடினார். அதே காலத்தில் இன்னொரு பூர்வ ஹவாயரான ஜார்ஜ் கனஹெலே விடுதித் துறைக்குள்ளேயே நின்று, ஊழியர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஹவாய் விழுமியங்களைச் சொல்லிக்கொடுத்து உள்ளிருந்து மாற்ற முயன்றார். 1997-ல் பூர்வ ஹவாயர் விருந்தோம்பல் சங்கம் உருவானதில் அவர் பங்கு உண்டு. இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு கலைஞர் தன் ஓவியத்தை விற்கச் சம்மதிப்பதும், ஒரு சமூகம் தன் கரையில் 800 அறை வரச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு அவர் கையெழுத்துப் போதும். பின்னதற்கு யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள்? ஆலோசகர் சம்பளத்துக்கு இருப்பவர். அவர் ‘வேண்டாம்’ என்றால் நிறுவனம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் நாற்காலிக்கு அதிகாரம் இல்லை என்பதே குறை.

சுற்றுலா இல்லாவிட்டால் ஹவாய் என்ன ஆகும் என்பார்கள். 2019-ல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வந்த மாநிலம் அது. அங்கே வசிப்பவர்களோ 14 லட்சம் பேர். 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது வேலையின்மை 20 விழுக்காட்டைத் தாண்டியது. நிவாரண உணவு வாங்க வண்டிகள் வரிசையில் நின்றன. ஆகவே மூடு என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே மாதங்களில் ஓவாஹுவின் ஹனவுமா வளைகுடாவில் தண்ணீர் தெளிந்தது. மறுபடி திறந்தபோது நாளுக்கு இத்தனை பேர், வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை என்று வரம்பு போட்டார்கள்; வெளியூர்க்காரருக்கான கட்டணம் பின்னர் 25 டாலராக உயர்ந்தது. வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வரம்பு வைத்தால் வியாபாரம் செத்துவிடும் என்ற பயத்துக்கு ஹாயெனாவும் ஹனவுமாவும் பதில் சொல்லிவிட்டன. எவ்வளவு, யார் முடிவு செய்வது என்பதுதான் மிச்சமிருக்கும் சண்டை. 2022-ல் அமெரிக்கச் சந்தையில் ஹவாயை விளம்பரப்படுத்தும் ஒப்பந்தம், நீண்ட காலம் அதை வைத்திருந்த சுற்றுலா அமைப்பை விட்டு ஒரு பூர்வ ஹவாயர் அமைப்புக்குப் போனபோது எழுந்த புகாரும், அதை ரத்து செய்து மறுபடி ஏலம் விட்டதும், கடைசியில் 2023-ல் விளம்பரம் ஒருவருக்கு, வருகிறவர்களுக்கு நடத்தை சொல்லிக்கொடுக்கும் வேலை மற்றவருக்கு என்று பிரித்துக் கொடுத்ததும் அந்தச் சண்டையின் பகுதிதான். பிரித்த விதத்தைக் கவனியுங்கள்: எத்தனை பேரை அழைப்பது என்ற வேலை ஹவாயர்களிடம் வரவில்லை; அழைத்து வந்தவர்களைத் திருத்துகிற வேலை வந்தது.

விடுமுறைக்குப் போகும் ஒரு குடும்பம் இதையெல்லாம் யோசித்துக்கொண்டா அறை எடுக்கும் என்றும் கேட்கலாம். எடுக்காது, எடுக்கவும் வேண்டாம். தங்குகிறவர்களின் மனசாட்சியில் இதை விட்டுவிடுவதே தப்பு என்பதுதான் நான் சொல்வது. ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்துக்குப் போகிறவர் தன் விடுமுறையின் நியாயத்தைத் தராசில் நிறுக்க மாட்டார். அதற்குத்தான் சட்டமும் அனுமதி நிபந்தனைகளும் இருக்கின்றன. 2026 ஜனவரியிலிருந்து ஹவாய் மாநிலம் விடுதி அறை வரியை 0.75 விழுக்காட்டுப் புள்ளி கூட்டிச் சூழல் பாதுகாப்புக்கென்று ஒதுக்குகிறது. ஆண்டுக்கு சுமார் 10 கோடி டாலர் எதிர்பார்க்கிறார்கள். விருந்தாளி யோசிக்காமலே அவர் பணம் போய்ச் சேரும். அந்தப் பணம் எந்தப் பாறைத்திட்டுக்கு, எந்த ஓடைக்கு, எந்த ஊருக்கு என்பதில் அந்தந்தக் கரையின் மக்களுக்குக் கட்டாய இடம் இருந்தால், அது எந்தச் சுவரோவியத்தையும்விட நல்ல மரியாதை.

டிஸ்னி மறுப்புக்குச் செவி கொடுக்காது என்று முன்கூட்டியே முடிவு கட்டவும் வேண்டாம். 2016-ல் ‘மோவானா’வை ஒட்டி, மாவி என்ற தெய்வ நாயகனின் பழுப்புத் தோலையும் பச்சை குத்தலையும் குழந்தைகள் மாட்டிக்கொள்ளும் உடையாக விற்பனைக்கு வைத்தார்கள். பசிபிக் தீவு மக்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் வருத்தம் தெரிவித்து உடையைத் திரும்பப் பெற்றது. ஆனால் உடையைத் திரும்பப் பெறுவது சுலபம். அவுலானியில் பங்கு வாங்கிய உறுப்பினர்களுக்கு, ஆண்டுதோறும் வந்து தங்கும் உரிமையை 2062 ஜனவரி வரை காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு நீண்ட காலத்துக்கு உறுதி சொல்லத் தெரிந்தவர்கள், அதே காலக்கெடுவோடு, அதே வக்கீல் மொழியில், வையனாய்க் கரை ஊர்களோடும் ஓர் ஒப்பந்தம் எழுதலாம்: காயல்களில் உள்ளூர் வண்டிகளுக்கு எத்தனை இடம், ஊழியர் குடியிருப்புக்கு எவ்வளவு நிலம், இனி ஒரு கட்டடம் எழும்ப வேண்டுமானால் யாருடைய சம்மதம் வேண்டும், சம்மதம் மறுத்தால் எத்தனை ஆண்டு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றெல்லாம். ஆங்கிலத்திலும் ஹவாய் மொழியிலும் எழுதட்டும். நீதிமன்றத்தில் செல்லும்படி எழுதட்டும்.